ஏட்டு முகவரியும் வீட்டு வாசலும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

  

பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் பேச வந்தால், பிள்ளைகள் நன்றாகப் படிக்க வேண்டும், பெற்றோர் ஒத்துழைக்க வேண்டும் என்று இரண்டு வார்த்தை சொல்லி அமர்வதுதான் வழக்கம். அதைத் தலைமையாசிரியர் அவர்கள் அழகாகச் சொல்லிவிட்டார். ஆகவே நான் உங்களிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்க வந்திருக்கிறேன். உங்கள் வீடு எங்கே இருக்கிறது?

சிரிக்க வேண்டாம். "நாலாவது லயம், குழாயடிக்குப் பக்கத்து வீடு" என்பீர்கள். "மாரியம்மன் கோயில் தாண்டி, ஆயாக் கொட்டகைக்குப் பின்னால" என்பீர்கள். நமக்குள் அது போதும். ஆனால் இந்தத் தோட்டத்தை ஒரு நாளும் பார்த்திராத ஒருவர், நடுராத்திரியில், அவசரமாக உங்கள் வீட்டுக்கு வர வேண்டுமென்றால் என்ன சொல்வீர்கள்?

இந்தக் கேள்வி என் வீட்டில் ஒரு நாள் இரவு எழுந்தது. அப்போது எனக்குப் பதினேழு வயது. அப்பா சாப்பிட்டுவிட்டு எழுந்தவர் அப்படியே சாய்ந்தார். வாய் ஒரு பக்கம் கோணிக் கொண்டது. அண்ணன் தன் கைத்தொலைபேசியில் 999-க்கு அழைத்தார். "அலாமாட்?" என்று கேட்டார்கள். அண்ணன் தோட்டத்துப் பெயரைச் சொன்னார். வீட்டு எண் கேட்டார்கள். லயத்துச் சுவரில் எழுதியிருந்த எண்ணைச் சொன்னார். தெருப் பெயர் கேட்டார்கள். தெருவுக்குப் பெயர் ஏது? செம்மண் ரோடு, அவ்வளவுதான்.

எங்கள் தோட்டத்துக்கு இரண்டு டிவிஷன். இரண்டுக்கும் ஒரே பெயர்தான். ஒரே அஞ்சல் குறியீடுதான். ஆம்புலன்ஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து டிவிஷனுக்குப் போய்விட்டது. அங்கேயும் அதே எண்ணில் ஒரு வீடு இருந்தது! கதவைத் தட்டி எழுப்பினால், அவர்கள் நல்ல தூக்கத்தில். அண்ணன் மோட்டார் சைக்கிளில் பெரிய ரோட்டுக்குப் போய் டார்ச் லைட்டை ஆட்டிக்கொண்டு நின்றார். வண்டி வந்து சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆயிற்று. அப்பா பிழைத்துக் கொண்டார். ஆனால் முப்பது வருஷம் பால்மரம் வெட்டிய வலது கை அதன் பிறகு வேலை செய்யவில்லை.

நான் யார் மீதும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. வண்டி ஓட்டியவர் தம் கையிலிருந்த விவரத்தை நம்பித்தான் போனார். அண்ணனும் தெரிந்ததைத்தான் சொன்னார். விவரமும் இருந்தது, வீடும் இருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று சேரவில்லை. இன்று நான் பேசப்போவது அந்தச் சேர்ப்பைப் பற்றித்தான்.

முதலில், நமக்கு ஏன் முகவரி இல்லை என்று பார்ப்போம். தோட்டம் என்பது சட்டப்படி தனியார் நிலம். ஒரு கிராண்டோ, சில கிராண்டுகளோ இருக்கும், உடைமைக்காரர் ஒருவர். அதற்குள் ஐம்பது வீடு இருந்தாலும் இருநூறு வீடு இருந்தாலும் அவை நிர்வாகத்தின் கட்டடங்களே. பட்டணத்தில் வீட்டுக்கு வீடு எண் இருப்பதற்கு ஒரு முக்கியக் காரணம் வரி. "சுக்காய் பிந்து" என்று சொல்கிறோமே, அதற்குக் கதவு வரி என்பதுதான் பொருள். கதவை எண்ணினால்தான் வரி வாங்க முடியும். தோட்டத்து லயத்தில் கதவுக்குக் கதவு வரி வாங்கும் வேலை இல்லை. ஆகவே கதவுக்குக் கதவு எண் கொடுக்கும் வேலையும் வெளியாருக்கு இல்லாமல் போயிற்று.

தபாலும் அப்படித்தான். தோட்டத்துப் பெயரும், 14300 நிபோங் திபால் என்ற குறியீடும் இருந்தால் கடிதம் ஆபீசுக்கு வந்துவிடும். கிராணி ஐயா பெயர் வாசிப்பார். நாம் போய் வாங்கிக் கொள்வோம். பெரியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். இது நம் தோட்டத்துக்கு மட்டும் உள்ள கதை என்று எண்ண வேண்டாம். இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் நம் இனத்தார் தலைமுறை தலைமுறையாகத் தோட்ட அலுவலகத்து முகவரியைத்தான் தங்கள் முகவரியாக எழுதி வந்திருக்கிறார்கள். முகவரி நம்முடையது அன்று, நாம் வேலை செய்யும் இடத்தினுடையது என்பதுதான் இரண்டு இடத்திலும் உள்ள நிலை.

இப்பொழுது வரைபடத்துக்கு வருவோம். கைத்தொலைபேசியில் பார்க்கும் வரைபடங்களில் பெரும்பாலானவை கம்பெனிகளுக்குச் சொந்தமானவை. ஆனால் மக்களே சேர்ந்து வரைந்து, மக்களுக்கே சொந்தமாக வைத்திருக்கும் வரைபடம் ஒன்று உண்டு. அதற்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்று பெயர். 2004-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் தம் ஊர்த் தெருவை அதில் வரையலாம். தவறு கண்டால் திருத்தலாம். காசு கொடுக்காமல் எடுத்துப் பயன்படுத்தலாம். எங்கிருந்து எடுத்தோம் என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். திருத்திச் சேர்த்ததை வெளியிட்டால் அதையும் மற்றவர்களுக்குத் திறந்து வைக்க வேண்டும். ஊர் கூடித் தேர் இழுப்பது போன்ற காரியம் இது.

இது விளையாட்டு வேலை அன்று. 2010-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள் ஹைத்தி நாட்டில் பெரும் பூகம்பம் வந்தது. தலைநகரத்துக்கு நல்ல வரைபடம் இல்லை. உலகத்தின் பல மூலைகளில் உட்கார்ந்து கொண்டு, முகம் தெரியாத தொண்டர்கள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துச் சில நாட்களில் தெருத்தெருவாக வரைந்து கொடுத்தார்கள். மீட்புக்குப் போனவர்கள் அதைக் கொண்டு வழி கண்டார்கள். நம் பினாங்கிலேயே 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் வந்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று இரவு படகோடு வந்தவர்களுக்குத் தேவைப்பட்டது என்ன? எந்தச் சந்து, எந்த வீடு என்பதுதானே!

சரி, இங்கே ஒரு கேள்வி எழும். எங்கள் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனே கேட்டான். "டீச்சர், அரசாங்கத்திடம் முகவரிப் பட்டியல் இருக்குமே, அதை அப்படியே கம்ப்யூட்டரில் கொட்டிவிட்டால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடாதா?"

நல்ல கேள்வி. அவனுக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். விடியற்காலைப் பெரட்டு நினைவிருக்கிறதா? கையில் செக்ரோல் இருக்கும். அதில் எல்லாருடைய பெயரும் வரிசையாக இருக்கும். ஆனால் பெயரை வாசித்து, ஆள் "வந்தேன்" என்று குரல் கொடுத்த பிறகுதானே புள்ளி விழும்? செக்ரோலில் பெயர் இருப்பதால் நிரையில் ஆள் நிற்பதாக ஆகிவிடாது. நேற்று ஊரை விட்டுப் போனவர் பெயர் அதில் இருக்கலாம். இன்று புதிதாக வந்தவர் பெயர் இல்லாமலும் இருக்கலாம். முகவரிப் பட்டியலும் அப்படித்தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சும்மாவா சொன்னார்கள்?

அமெரிக்காவில் இதற்கு ஒரு பாடம் கிடைத்தது. அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையிடம் "டைகர்" என்ற பெயரில் நாடு முழுவதற்குமான தெருக் கோப்புகள் இருந்தன. 2007, 2008 ஆண்டுகளில் அவற்றை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் மொத்தமாகக் கொட்டினார்கள். வெறுமையாக இருந்த நாடு ஒரே மூச்சில் நிறைந்துவிட்டது. மகிழ்ச்சிதான். பிறகு பார்த்தால், பல ரோடுகள் இடம் தள்ளி விழுந்திருந்தன. இல்லாத ரோடுகள் இருந்தன. காட்டுப் பாதையெல்லாம் குடியிருப்புத் தெருவாக நின்றது. கொட்டியது விரைவில் முடிந்தது. திருத்தும் வேலையோ ஆண்டுக்கணக்கில் நீண்டது. அந்தப் புலி வாலைப் பிடித்தவர்கள் எளிதில் விட முடியவில்லை.

நெதர்லாந்து நாட்டில் வேறு விதமாகச் செய்தார்கள். அங்கே ஒவ்வோர் ஊராட்சியும் தன் எல்லைக்குள் உள்ள கட்டடங்களையும் முகவரிகளையும் அதிகாரப்பூர்வமான ஏட்டில் பதிந்து வைக்கிறது. அந்த ஏட்டை 2014-ஆம் ஆண்டு வாக்கில் தொண்டர்கள் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு, முன்பே கையால் வரைந்திருந்ததோடு ஒப்பிட்டு ஒப்பிட்டுச் சேர்த்தார்கள். ஏட்டில் தவறு கண்டால் ஊராட்சிக்கே எழுதித் தெரிவிக்கவும் வழி இருக்கிறது. இதுதான் முக்கியம். ஏடு வரைபடத்தைத் திருத்துகிறது. வரைபடம் ஏட்டையும் திருத்துகிறது.

பிரான்சு நாட்டில் 2015-ஆம் ஆண்டில் அரசாங்கமும், தபால் துறையும், நில அளவை நிறுவனமும், இந்த வரைபடத் தொண்டர்களும் ஒன்றாகச் சேர்ந்து தேசிய முகவரித் தொகுப்பு ஒன்றை அமைத்தார்கள். தொண்டர்களையும் சமமாக உட்கார வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். அந்நாட்டிலும் சின்னஞ்சிறு கிராமங்களில் தெருப் பெயரும் வீட்டு எண்ணும் இல்லாமலே காலம் ஓடியது. தபால்காரருக்கு எல்லாரையும் தெரியும், அது போதும் என்றிருந்தார்கள். நம் கிராணி ஐயா கதைதான்! 2022-ஆம் ஆண்டில் வந்த ஒரு சட்டம், எல்லா ஊராட்சிகளும் தெருவுக்குப் பெயரும் வீட்டுக்கு எண்ணும் ஏற்படுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டது.

டென்மார்க்கில் 2002-ஆம் ஆண்டிலேயே முகவரி விவரத்தை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். 2005 முதல் 2009 வரை அதனால் நாட்டுக்குக் கிடைத்த பயன் சுமார் 6 கோடியே 20 லட்சம் யூரோ என்றும், செலவு சுமார் 20 லட்சம் யூரோதான் என்றும் அவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பிரிட்டனிலோ, 2013-ஆம் ஆண்டில் அஞ்சல் நிறுவனத்தைத் தனியாருக்கு விற்றபோது நாட்டின் முகவரிக் கோப்பும் அதோடு சேர்ந்து போய்விட்டது. அடுத்த ஆண்டே நாடாளுமன்றக் குழு ஒன்று அது தவறு என்று கண்டித்தது. தன் வீட்டு முகவரி அடங்கிய ஏட்டை ஒரு நாடு விற்றுவிடக் கூடும் என்பதை நாம் நினைவில் வைத்துக் கொள்வது நல்லது.

உலகம் சுற்றியது போதும். நம் பினாங்குக்கு வருவோம்.

சென்ற ஆண்டு விடுமுறையில் ஆறாம் ஆண்டு மாணவர்கள் பன்னிரண்டு பேரை அழைத்துக்கொண்டு பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரி ஏறி ஜார்ஜ்டவுன் போனேன். கையில் ஆளுக்கொரு வரைபட நகல், ஒரு பென்சில், ஒரு ரப்பர். லெபோ பாசார், லெபோ பினாங், லெபோ குயின் ஆகிய தெருக்களில் நடந்து, கடை எண்ணைப் பார்த்து எழுதுவதுதான் வேலை. சுலபமான வேலை என்றுதான் பிள்ளைகள் நினைத்தார்கள்.

முதல் சிக்கல் தெருப் பெயரில். லெபோ பாசார் என்கிறது பலகை. பழைய ஆட்கள் மார்க்கெட் ஸ்ட்ரீட் என்கிறார்கள். கடைத்தெரு என்றால்தான் என் பாட்டிக்குப் புரியும். மூன்றும் ஒரே தெரு. ஜாலான் மஸ்ஜிட் கப்பித்தான் கிளிங் என்பது முன்னே பிட் ஸ்ட்ரீட். அந்தப் பெயருக்குரிய பள்ளிவாசலை 1801-ஆம் ஆண்டில் எழுப்பியவர் தமிழ் முஸ்லிம் சமூகத் தலைவராக இருந்த காதர் மொகிதீன். லெபோ சூலியாவின் பெயரும் நம் தமிழ் முஸ்லிம்களைக் குறிப்பதுதான். ஜாலான் மஸ்ஜிட் நெகிரியை இன்னமும் கிரீன் லேன் என்றுதான் டாக்சிக்காரர் சொல்கிறார். ஜாலான் கெபுன் பூங்கா என்று கேட்டால் விழிக்கும் நம்மவர், தண்ணீர்மலை என்று சொன்னால் தைப்பூசக் கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு வழி காட்டுவார்.

இப்படியிருக்க, அரசாங்க ஏட்டில் ஒரு பெயர்தானே இருக்கும்? அதைக் கொண்டுவந்து மற்றப் பெயர்களின் மேல் எழுதிவிட்டால் மற்றவை அழிந்து போகும். நல்ல வேளையாக, இந்த வரைபடத்தில் ஒரு தெருவுக்குப் பல பெட்டிகள் உண்டு. பலகையில் உள்ள பெயருக்கு ஒன்று, தமிழ்ப் பெயருக்கு ஒன்று, பழைய பெயருக்கு ஒன்று. அததை அததன் பெட்டியில் போட வேண்டும். ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகரமாக அறிவிக்கப்பட்ட 2008-ஆம் ஆண்டிலேயே, அங்குள்ள சில தெருக்களில் மலாய்ப் பலகைக்குத் துணையாகத் தமிழ், சீனம், ஆங்கிலம், அரபு மொழிகளிலும் பலகை வைத்தார்கள். ஆகவே தமிழ்ப் பெயர் எழுதுவது யாருக்கும் விரோதமான காரியம் அன்று.

இரண்டாவது சிக்கல் எண்ணில். ஒரு பக்கம் ஒற்றைப்படை, எதிர்ப்பக்கம் இரட்டைப்படை என்று பிள்ளைகள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் ஒரு கடை இரண்டு எண்ணைச் சேர்த்துக் கொண்டு நிற்கிறது. இன்னொரு கடை நடுவில் தடுப்புப் போட்டு இரண்டாகி, இரண்டாவது பாதிக்கு ஏ என்று ஓர் எழுத்து ஒட்டிக் கொண்டிருக்கிறது. மாடிக்கு வேறு எண். பிறகு நம் நாட்டுத் தாமான்களிலும் அடுக்குமாடிகளிலும் 4-ஆம் எண்ணுக்குப் பதிலாக 3ஏ என்று போடுவார்களே, உங்களுக்கே தெரியும். சீனர்களுக்கு அந்த எண்ணின் ஒலி சாவைக் குறிக்கும் சொல்லைப் போல இருக்கும் என்பதால் வந்த வழக்கம். கம்ப்யூட்டர் பாவம், 3-க்கும் 5-க்கும் நடுவே 4 இருந்தே தீர வேண்டும் என்று இல்லாத வீட்டைக் கட்டிவிடும்! நடந்து போய்ப் பார்த்த பிள்ளைக்குத்தான் அது தெரியும்.

திரும்பி வந்த பிறகு இன்னொரு சோதனை செய்தோம். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டையே எடுத்துக் கொண்டேன். அதுவும் அதிகாரப்பூர்வமான ஏடுதானே? பெயர்களை மறைத்துவிட்டு, முகவரிகளை மட்டும் பார்த்து, வரைபடத்தில் இடம் கண்டுபிடிக்க முயன்றேன். பலவற்றுக்குத் தோட்ட ஆபீஸ்தான் விடை. சில பிள்ளைகள் தாமானுக்குக் குடிபோய் வருஷங்கள் ஆகியும் பழைய தோட்டத்துப் பெயரே இருந்தது. அந்தத் தோட்டமோ இப்போது வீடமைப்பாக மாறிவிட்டது. "ஜாலான்" என்பதை முழுதாக எழுதியது ஒன்று; மூன்றே எழுத்தில் சுருக்கியது ஒன்று; எழுதாமலே விட்டது ஒன்று. மனிதர் பார்த்தால் மூன்றும் ஒன்று என்று தெரியும். இயந்திரத்துக்கு மூன்றும் மூன்று தெரு. அதனால்தான் இவ்வரைபடத்தில் தெருப் பெயரைச் சுருக்காமல் முழுதாக எழுத வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். தாமானுக்குத் தாமான் ஒரே பூவின் பெயரில் ஜாலான் இருப்பதால், ஊரும் அஞ்சல் குறியீடும் சேராமல் தெருவை மட்டும் வைத்து முடிவு செய்யவும் கூடாது.

இப்படிப் பட்டதில் நாங்கள் கற்றுக் கொண்டவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய மாணவர்கள் குறித்துக் கொள்ளுங்கள்.

முதலாவது, அனுமதி. எந்த ஏடாக இருந்தாலும் அது யாருடையது, எடுத்துச் சேர்க்க அனுமதி உண்டா என்று எழுத்தில் கேட்க வேண்டும். பிறர் வரைபடத்தைப் பார்த்து எழுதுவது பரீட்சையில் காப்பியடிப்பது போன்றதுதான்.

இரண்டாவது, கலந்து பேசுதல். கொட்டுவதற்கு முன்னால், அந்த ஊரை ஏற்கெனவே வரைந்தவர்களிடம் திட்டத்தை வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். இந்த வரைபடச் சமூகத்தில் இது கட்டாயமான முறை. பெரிய பட்டியலைச் சேர்ப்பதற்குத் தனிக் கணக்கு வைத்துக் கொள்ள வேண்டும் என்பதும் விதி. தவறு நேர்ந்தால் எதை நீக்க வேண்டும் என்று உடனே தெரியுமல்லவா?

மூன்றாவது, சிறுகச் சிறுகச் சேர்த்தல். ஒரு தெருவைச் சேர், போய்ப் பார், சரியானால் அடுத்த தெரு.

நான்காவது, கண்ணால் கண்டதை ஏட்டைக் கொண்டு அழிக்காதே. இரண்டும் முரண்பட்டால் வாசலில் போய் நின்று பார். ஏடு தவறு என்றால் அலுவலகத்துக்குப் பணிவாக எழுது.

ஐந்தாவது, கதவை எழுது, ஆளை எழுதாதே. எண், தெரு, ஊர், குறியீடு ஆகிய நான்கும் போதும். யார் குடியிருக்கிறார், எத்தனை பேர், என்ன வருமானம் என்பது வரைபடத்தில் ஒரு நாளும் வரக் கூடாது.

இந்த ஐந்தாவது விதியைப் பற்றி ஓர் அம்மா என்னிடம் நேராகவே கேட்டார். "டீச்சர், நம்ம வீட்ட படத்துல போட்டுட்டா ஆலோங் நேரா வாசலுக்கு வந்துற மாட்டானா? போன தடவ வழி தெரியாமத்தான் திரும்பிப் போனான்." கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மாவுக்கு முகவரி இல்லாததே ஒரு வேலியாக இருந்திருக்கிறது. நான் சொன்னது இதுதான்: "அம்மா, கடன் கொடுத்தவன் கேட்டுக் கேட்டு எப்படியும் வந்துவிடுவான், அவனுக்கு அவசரமில்லை. ஆம்புலன்சுக்குக் கேட்டுக் கொண்டிருக்க நேரமில்லை. உங்கள் பெயர் அதில் இருக்காது. வேண்டாம் என்றால் உங்கள் வாசலை விட்டுவிடுகிறோம்." யோசித்துச் சொல்கிறேன் என்றார். இரண்டு வாரம் கழித்து, "போட்டுக்குங்க டீச்சர், என் மாமியாருக்கு மூச்சு வாங்குது" என்றார்.

இன்னொரு பெரியவர் கேட்டார். "அம்மா, தோட்டத்த விக்கப் போறாங்கன்னு பேசிக்கிறாங்க. படத்துல இருந்தா வீடு நமக்கு ஆகுமா?" ஆகாது. வரைபடம் கிராண்டு ஆகாது. பொய் நம்பிக்கை கொடுக்க நான் விரும்பவில்லை. நிலத்தின் உரிமைக்கு வழி வேறு. அதைச் சங்கத்தின் மூலமாகவும் சட்டத்தின் மூலமாகவும்தான் தேட வேண்டும். ஆனால் இந்த இடத்தில் இத்தனை வீடு இருந்தது, ஒரு கோயில் இருந்தது, ஒரு பள்ளி இருந்தது என்று நாளும் தேதியும் போட்டு நிற்கும் ஒரு சாட்சி அதில் இருக்கும். எத்தனையோ தோட்டங்கள் அந்தச் சாட்சிகூட இல்லாமல் போய்விட்டன. பெரியவர்கள் செத்தபின், லயம் எங்கே இருந்தது என்று காட்டுவதற்கும் ஆளில்லை.

அந்த உரையாடலுக்குப் பிறகு நம் பிள்ளைகள் நம் தோட்டத்தை வரைந்தார்கள். லயங்கள், குழாயடி, கோயில், ஆயாக் கொட்டகை, பள்ளி, இரண்டு பாலங்கள், மழைக்காலத்தில் மூழ்கும் குறுக்கு வழி. லயத்துச் சுவரில் நிர்வாகம் எழுதிய எண் எதுவோ அதையே பதிந்தோம். நாங்களாக எந்த எண்ணையும் உண்டாக்கவில்லை. தெருவுக்குப் பெயரும் சூட்டவில்லை. இரண்டு டிவிஷனையும் தனித்தனிப் பெயரில் பிரித்துக் காட்டினோம். அந்த ஒரு வரி அன்றிரவு எங்காவது இருந்திருந்தால்... சரி, விடுங்கள்.

அதிகாரிகளின் முழுமையான பட்டியல் இன்னும் நம் கைக்கு வரவில்லை. ஒரு நாள் வரும் என்று நம்புகிறேன். வரும்போது அதில் நம் தோட்டம் ஒரே வரியாகத்தான் இருக்கும்: தோட்டத்துப் பெயர், குறியீடு, முற்றுப்புள்ளி. அந்த ஒரு வரியை வைத்து ஆபீசின் மேல் ஒரு புள்ளியைப் போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. "ஐயா, இந்த ஒரு வரிக்குள் இத்தனை வாசல் இருக்கிறது, இதோ பாருங்கள்" என்று எடுத்துக் காட்ட நாம் தயாராக இருக்க வேண்டும். அதற்குத்தான் இந்த வேலை.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்.

பெற்றோர்களே, பள்ளியிலும் ஐசியிலும் உள்ள முகவரி இன்று நீங்கள் குடியிருக்கும் இடம்தானா என்று பாருங்கள். மாறியிருந்தால் தள்ளிப் போடாமல் மாற்றிவிடுங்கள். உங்கள் பிள்ளைக்கு மேற்படிப்புக்கு வரும் கடிதம் பூட்டிய வீட்டு வாசலில் கிடக்கக் கூடாது.

தோட்டத்துப் பெரியவர்களே, பழைய லயம், இடிந்த கோயில், மூடிய பாதை எங்கே இருந்தன என்று உங்களுக்குத்தான் தெரியும். பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தோடு வந்தால் "போடா அந்தப் பக்கம்" என்று விரட்டாமல், பத்து நிமிஷம் கூட நடந்து காட்டுங்கள்.

மாணவச் செல்வங்களே, இன்று பரிசு வாங்கியவர்களுக்கு என் பாராட்டு. வாங்காதவர்களுக்கும் ஒன்று சொல்வேன். எங்களுடைய கணக்கெடுப்பில் மிகச் சரியாக எழுதி வந்தவன், கணிதத்தில் கடைசி வரிசையில் இருக்கும் பையன். சந்தேகம் வந்த வாசலுக்கு மூன்று முறை திரும்பிப் போனவன் அவன்தான். பார்த்ததை மட்டும் எழுதுவது, தெரியாததைக் கேட்டு எழுதுவது, தவறு என்றால் அழித்து எழுதுவது. இந்த மூன்றும் பழகிவிட்டால் மற்றப் பாடங்கள் தாமாக வரும்.

என் அப்பா இப்போது அண்ணன் வீட்டில்தான் இருக்கிறார், அதே லயம்தான். வரைபடத்தைத் தொலைபேசியில் பெரிதாக்கிக் காட்டினேன். இடது கை விரலால் மெல்லத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் ஆறு, இது காளிகோயில் முச்சந்தி, இது நம்ம வீடு. சரியாத்தான் இருக்கு" என்றார். பிறகு, "எதிர் வீட்ட விட்டுட்டியே?" என்றார். உண்மைதான், விட்டிருந்தது. மறுநாள் மாலை பிள்ளைகளை அனுப்பி அதையும் சேர்த்துவிட்டோம்.

உங்கள் எதிர் வீட்டையும் பாருங்கள். விட்டிருந்தால் வந்து சொல்லுங்கள்.